மணிக்கூடும் மனமும்



எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையிலே கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டோர் உங்களுட் பலர் இருக்கலாம். வலையின் இரு தலைப்புக் கயிறுகளையும் பற்றிக்கொண்டு இரண்டு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் அதனை ஏற்றுப் பாடிக்கொண்டே பின்னோக்கி அடிவைப்பார்கள். பின்னர் சில கரைகளில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கியது, பாட்டுக்கு வேலையில்லாமற் போனது. ஆயினும் பழைய முறையைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்த வரிசையில் நிற்பவனுடைய மனம் எங்கே அலைந்தாலும் அவனுடைய கை அலைவதில்லை. முன்னே நிற்பவனுடைய விசையும் பின்னே நிற்பவனுடைய குரலும் அவனை மீட்டுக் கொண்டுவந்துவிடும். கவனம் என்பது அங்கே தனியொருவன் தன் தலைக்குள் காத்துவைக்க வேண்டிய பொருளன்று. அது கயிற்றிலே கிடக்கிறது, பாட்டிலே கிடக்கிறது.

அதே மனிதனை ஒரு மேசைக்கு முன்னால் அமர்த்தி, நான்கு கோவைகளைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடும்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விட்டால் என்ன நிகழும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழிலும், ஏ.டி.எச்.டி. என்று உலக வழக்கிலும் சொல்லப்படும் நிலை, தொழில் செய்யும் இடத்திலே எவ்வாறு காணப்பட்டது, எவ்வாறு காணப்படாமற் போனது என்பதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நான் மருத்துவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, ஆசிரியனாகிப் பின்னர் அதிபரானவன். இப்பொருளை நாடிச் செல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

மருத்துவ நூல்களில் இந்நிலை புதியதன்று. 1775ஆம் ஆண்டிலே ஜேர்மனிய மருத்துவரான மெல்கியோர் அடம் வைக்கார்ட் என்பவர் கவனமின்மையை ஒரு மருத்துவப் பொருளாகவே எடுத்து எழுதினார். அவர் கூறிய பரிகாரங்களுள் குளிர்ந்த நீராட்டும் குதிரையேற்றமும் உண்டு. அவற்றைக் கேட்டு நாம் புன்னகை செய்யலாம். ஆனால், ஓசையிலிருந்து விலகித் தனித்திருக்கச் செய்தல் வேண்டும் என்றும் அவர் எழுதினார். அமைதியான ஓர் இடம் கொடுங்கள் என்றுதானே இன்றைய தொழில் ஆலோசகரும் கூறுகின்றார்? 1798இல் ஸ்கொத்லாந்து மருத்துவரான அலெக்சாண்டர் கிரைற்றன் இதனை இன்னும் தெளிவாக வகுத்தார். ஒரு பொருளின் மீது வேண்டிய அளவு நிலைத்து நிற்க இயலாத தன்மை சிலருக்குப் பிறவியிலேயே அமைவது என்பதும், நாயின் குரைப்பும் கதவின் அசைவும்கூட அவர்களை நிலைகுலையச் செய்யும் என்பதும் அவருடைய அவதானங்கள். இவர் பின்னர் ருசிய மன்னன் முதலாம் அலெக்சாண்டருக்கு அரண்மனை மருத்துவராயினார்.

அப்படியானால், இதனை நோய் என்று கருதும் எண்ணம் அந்தக் காலத்திலே ஏன் எழ வேண்டும்? அதற்கு முன் மனிதர் மனம் அலையவில்லையா? அலைந்தது. ஆனால், அலைவது குற்றமாகும் இடங்கள் குறைவாக இருந்தன. எட்வர்ட் தொம்சன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரை வரலாற்று மாணவர் யாவரும் அறிந்தது. ஆலைத் தொழில் வருவதற்கு முன்பு உழைப்பின் அளவு காரியமாக இருந்தது. வந்த பின்னர் மணிக்கூடாக மாறியது என்று அவர் காட்டினார். நெசவாளி சில நாள் சோம்பியிருந்தான், சில நாள் இரவு பகலாக நெய்தான். வேலை முடிந்ததா என்பதே கேள்வி. ஆலையிலோ, ஆறு மணிக்கு வந்தாயா என்பதே கேள்வி. யோசையா வெட்ஜ்வூட் தம்முடைய மட்பாண்ட ஆலையில் மணியடித்துத் தொழிலாளரை வரவழைத்ததையும், வந்த நேரத்தைக் குறிக்க முறை வகுத்ததையும் தொம்சன் எடுத்துக்காட்டுகிறார். அந்த ஆலை 1769இல் தொடங்கப்பட்டது. வைக்கார்ட் தமது நூலை வெளியிட்டது அதற்கு ஆறாண்டுகளின் பின். ஒன்றினால் மற்றது விளைந்தது என்று நான் வாதிட வரவில்லை. இரண்டும் ஒரே யுகத்தின் பிள்ளைகள் என்று மட்டும் சொல்லலாம்.

நம்முடைய நாட்டிலே இந்த மாற்றத்தை மிகக் கூர்மையாகக் கண்டவர்கள் மலையகத் தமிழ்த் தொழிலாளர். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் அவர்கள். வானமும் மழையும் பார்த்து ஏர் பூட்டிய உழவர் குடியினர். இங்கே விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்திலே வரிசையாக நிற்க வேண்டும். பேர் விழ வேண்டும். பிந்தியவருக்கும், குறித்த அளவு கொழுந்து கொய்யாதவருக்கும் அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாட்கூலி என்பதையும், அரைப்பேர் என்றால் அதிற் பாதி என்பதையும் மலையக நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதனுடைய நாளை ஒரு பெயராகவும், அவனுடைய தவறுதலைப் பாதிப் பெயராகவும் கணக்கிட்ட அந்தச் சொல்லைப் போல, தொழில் ஒழுங்கின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லும் சொல் வேறு மொழியிலே உண்டோ நான் அறியேன். அந்த வரிசையிலே பிறவியிலேயே மனம் நிலைகொள்ளாதவர் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை எந்தச் செக்ரோலும் கூறாது. சோம்பேறி என்ற ஒரு சொல்லே அவர்கள் எல்லோருக்கும் போதுமானதாயிருந்தது.

நாம் அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோம். அது ஒல்லாந்தர் நமக்குத் தந்த சொல். 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. சொல்லோடு இடாப்பும், கோவையும், காலக்கெடுவும் வந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை முழுவதும் குழந்தைகளின் நோயாகிவிட்டது. 1902ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜோர்ஜ் ஸ்ரில், 43 குழந்தைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவிற் குறையில்லாத பிள்ளைகளும் தம்மை அடக்கியாள இயலாது அல்லலுறுவதை அவர் விவரித்தார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பது. ஒழுக்கம் என்ற சொல் அன்று அதனோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் முற்றாக உரிந்துபோகவில்லை. முதல் உலகப் போரின் இறுதியையொட்டிப் பரவிய ஒருவகை மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்த பிள்ளைகள் பலர் அமைதியற்றவர்களாக மாறியதைக் கண்ட மருத்துவர்கள், இது மூளையின் நிலையாயிருக்கலாம் என்று எண்ணத் தலைப்பட்டனர்.

மருந்து கண்ட கதை தற்செயலானது. அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஒரு குழந்தை மருத்துவமனையை நடத்திய சார்ள்ஸ் பிராட்லி, பரிசோதனையொன்றின் பின் பிள்ளைகளுக்கு வந்த தலைவலியைத் தணிக்கவே பென்சட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி போனதோ இல்லையோ, பிள்ளைகள் அமர்ந்து கணக்குச் செய்யத் தொடங்கினர்! 1937இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, முப்பது பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றங் கண்டார்கள். பிள்ளைகளே அதனைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தார்களாம். 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற இரசாயனவியலாளர் மெதில்பெனிடேற்று என்னும் மருந்தை ஆக்கினார். அதன் வணிகப் பெயரான ரிட்டலின் என்பது ரீற்றா என்ற அவருடைய மனைவியின் செல்லப் பெயரிலிருந்து பிறந்தது. மருத்துவர் ஆராய்ந்து, மருத்துவர் பார்வையிலேயே உட்கொள்ள வேண்டிய மருந்து இது என்பதை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

இதற்கிடையே, தொழிலிடத்தின் பக்கமிருந்து வேறொரு வெளிச்சம் வந்தது. இரண்டாம் உலகப் போரிலே நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த விமானங்களில் ராடர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள், எதிரி தோன்றிய வேளையிலே அதைக் காணத் தவறினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; உயிரைப் பணயம் வைத்தவர்கள். கேம்பிரிட்ஜில் நோர்மன் மாக்வர்த் என்ற ஆய்வாளர் இதனைச் சோதிக்க ஒரு மணிக்கூட்டைச் செய்தார். அதன் முள் சீராகத் தாவித் தாவிச் செல்லும்; எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதனைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இவ்வாறு பார்த்திருக்க வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிபு, முதல் அரைமணி நேரத்திற்குள்ளேயே தவறுகள் கூடிவிடுகின்றன என்பது. எந்த நோயுமில்லாத வாலிபர்களின் நிலையே இது. இடையில் மாற்றமும், விடும் தவறுகளை உடனே அறிவித்தலும் இருந்தால் கவனம் மீள்கிறது என்பதையும் அவர் கண்டார். கவனம் என்பது ஒழுக்கமன்று. அது தீர்ந்துபோகும் எண்ணெய், ஊற்றினால் மீண்டும் எரியும் என்று இதனைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது. சிலருடைய விளக்கிலே எண்ணெய் விரைவில் தீர்கிறது, அவ்வளவே.

வளர்ந்தவர்களுக்கும் இந்நிலை உண்டு என்பதை மருத்துவ உலகம் ஏற்க நெடுங்காலம் சென்றது. பருவம் வந்தால் தானாக மாறிவிடும் என்பதே பொதுக் கொள்கை. 1976இல் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்தில் போல் வெண்டரும் அவருடைய சகாக்களும் வளர்ந்தோரிடையே இதனை ஆராய்ந்து எழுதினர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைந்நூல் கவனக்குறைவை நோயின் பெயரிலேயே சேர்த்தது. வளர்ந்தோர் நிலையை எஞ்சிய வகை என்று ஓர் ஓரத்திலே வைத்தது. 1987இல் இப்போதைய பெயர் அமைந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் வளர்ந்தோருக்குரிய அளவுகோல் ஒழுங்காக வகுக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, தொழில் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை வாழ்வைக் குலைத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். ஆகவே, திறப்பை மறந்துவைப்பவர் எல்லோரும் இந்தப் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டியதில்லை. பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. மேசை மேல் ஏறும் பையனை ஆசிரியர் காண்கிறார். சன்னலூடே வெளியே நோக்கி அமைதியாக இருக்கும் பெண்ணை யார் காண்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுகளைக் கொண்டு 2008இல் வெளியான ஒரு கட்டுரை, பத்து நாடுகளில் தொழில் செய்வோருள் 3.5 விழுக்காட்டினரிடம் இந்நிலை காணப்பட்டதாகவும், அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டிலே ஏறக்குறைய 22 நாட்களின் உழைப்பை மேலதிகமாக இழந்ததாகவும் மதிப்பிட்டது. அந்தப் பத்து நாடுகளுள் தென்னாசிய நாடு ஒன்றும் இல்லை. ஆயினும், நூறு பேர் வேலை செய்யும் ஒரு நிலையத்தில் மூவர் நால்வர் இவ்வாறிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு அது போதும்.

அதே 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு கரைவலையை எனக்கு நினைவூட்டியது. வட கென்யாவின் அரியால் மக்களிற் சிலர் இன்றும் கால்நடைகளோடு அலைபவர்கள். சிலர் ஊர்களில் நிலைகுடி கொண்டவர்கள். கவனக்குறைவோடு தொடர்புடையதென்று கருதப்படும் ஒரு மரபணு வகை, அலைபவர்களிடையே நல்ல உடற்போசணையோடும், நிலைகுடியினரிடையே குறைந்த போசணையோடும் இணைந்திருந்தது. ஒரு மரபணுவைக் கொண்டு மனிதனை அளந்துவிட இயலாது. ஆய்வாளரும் அப்படிக் கூறவில்லை. ஆனால் ஒரே இயல்பு ஓரிடத்தில் பயனாகவும் மற்றோரிடத்தில் பாரமாகவும் ஆகலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

இனி என் காரணத்திற்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முதல் அதிபர் பொறுப்பை ஏற்ற ஒரு பாடசாலையிலே ஓர் இலிகிதர் இருந்தார். எனக்கு மூத்தவர், இன்முகமுடையவர். அவருடைய மேசையிலே எப்போதும் ஏழெட்டுக் கோவைகள் திறந்து கிடக்கும், ஒன்றும் மூடப்பட்டதில்லை. ஒரு கடிதம் எழுதத் தொடங்குவார். இடையிலே தொலைபேசி வரும். பேசிவிட்டு வேறொரு கடிதத்தைத் தொடங்குவார். மாதாந்த அறிக்கைகள் பிந்தின. ஒருமுறை ஆசிரியர் நால்வருடைய சம்பள ஏற்றப் பத்திரங்கள் அவருடைய இழுப்பறையிலேயே மூன்று மாதம் உறங்கின. நான் விளக்கம் கோரி மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் அலட்சியம் என்ற சொல்லைக் கையாண்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். அந்தப் பதில்களும் பிந்தியே வந்தன.

அவ்வாண்டு அடைமழையில் வெள்ளம் வந்து பாடசாலை மூன்று நாள் அகதி முகாமாயிற்று. அந்த மூன்று நாளும் முகாமை நடத்தியவர் அவர்தான். எந்த வகுப்பறையில் எந்தக் குடும்பம், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், எத்தனை பாய் குறைகிறது என்பதெல்லாம் அவர் நாவின் நுனியிலே இருந்தன. அவர் உறங்கியதை நான் காணவில்லை. வெள்ளம் வடிந்தது. பின்வந்த வாரத்திலே, செலவுக் கணக்கை உரிய நாளில் அனுப்பவில்லை என்பதற்காக நான் அவரை இடமாற்றம் செய்யப் பரிந்துரைத்தேன். வேலை செய்ய முடிந்தவர் வேண்டுமென்றே செய்யாதிருக்கிறார் என்பதற்கு அந்த மூன்று நாளையே சான்றாக எழுதினேன். அந்த வாக்கியம் எனக்கு அப்போது மிகவும் நியாயமாகத் தோன்றியது.

சில ஆண்டுகள் கழித்து, என் தங்கையின் மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் கேட்ட வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் பையனுடைய முகம் அல்ல, அந்த இலிகிதருடைய மேசையே என் கண்முன் வந்தது. விருப்பமும் பரபரப்பும் உள்ள வேலையிலே மூழ்கிவிடுவதும், சலிப்பான வேலையைத் தொடங்க இயலாதிருப்பதும் இந்நிலையின் இரு பக்கங்கள் என்று மருத்துவர் சொன்னார். நான் சான்றென்று எழுதியது எதற்குச் சான்று என்பது அன்றுதான் விளங்கியது. அவருக்கு இந்நிலைதான் இருந்தது என்று கூற எனக்குத் தகுதியில்லை. கேட்டுப் பார்க்கக்கூட இல்லை என்பதையே சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 1988ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் ஒன்று அரச துறை வெற்றிடங்களில் 3 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டலாகாதென்றது. ஆனால் அச்சட்டத்தின் வரைவிலக்கணம், வாழ்க்கைத் தேவைகளைத் தாமாக நிறைவேற்ற இயலாதவர்களை மனத்திற் கொண்டது. வேலைக்கு வந்து, வேலை செய்து, ஆனால் கோவையை மூட இயலாது தவிக்கும் ஒருவர் அதற்குள் எளிதில் அடங்கார். 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலே, தொழிலிடத்தில் நியாயமான வசதி செய்துகொடுத்தல் என்ற கருத்து உண்டு. அது நமது கந்தோர்களின் வாயிலை இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.

நான் இப்போதிருக்கும் பாடசாலையில் சட்டத்தை எதிர்பாராமல் சிலவற்றைச் செய்து பார்த்தோம். வாய்மொழியாகக் கட்டளையிடுவதை நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு துண்டிலே எழுதிக் கொடுக்கிறேன். ஆண்டறிக்கை போன்ற பெரிய வேலைக்கு ஒரே கெடு வைக்காமல், திங்கட்கிழமை இவ்வளவு, புதன்கிழமை இவ்வளவு என்று பிரித்தோம். மேசைமேல் ஒரு வேளைக்கு ஒரு கோவை மட்டும் இருக்க வேண்டும், மற்றவை அலுமாரிக்குள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொலைபேசியை வேறோர் அறைக்கு மாற்றினோம். மிகவும் பயன்பட்டது எதுவென்றால், சலிப்பான கணக்கு வேலையை இருவர் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்து செய்வது. ஒருவர் மற்றவருக்கு உதவ வேண்டியதுகூட இல்லை, அருகில் இருந்தாற் போதும். அது கரைவலைக் கயிறு அல்லாமல் வேறென்ன? எல்லாம் பலித்தன என்று சொல்ல மாட்டேன். மணிக்கொருமுறை ஒலிக்கும்படி கைத்தொலைபேசியில் வைத்த எச்சரிக்கை மணி எல்லோரையும் எரிச்சலூட்டியதே மிச்சம். இப்படியெல்லாம் செய்தால் ஊழியர் சோம்பிவிடுவர் என்று சொன்ன மூத்த ஆசிரியரும் உண்டு. அவர்தான் இப்போது துண்டு கிடைக்கவில்லையென்றால் கேட்டு வாங்குகிறார்.

கந்தோர்ச் சுவரிலே ஒரு கரும்பலகையும் மாட்டினோம். அம்மாதத்தில் அனுப்ப வேண்டிய அறிக்கைகளும் திகதிகளும் அதிலே எழுதப்பட்டிருக்கும், அனுப்பியதும் அழிக்கப்படும். சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக எங்கள் பக்கம் வந்த அந்த இலிகிதர், ஓய்வு பெற்று முதியவராகி, என்னைக் காண வந்தார். நான் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். மூன்றாவது கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரித்தார், அதை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு எழுந்து கரும்பலகையருகே சென்று வெகுநேரம் நின்று வாசித்தார். "சேர், நேற்றுப் போக வேண்டியது ஒன்று இன்னும் அழிக்கப்படவில்லையே" என்றார். அது நான் கையெழுத்திட வேண்டிய அறிக்கை. என் மேசையிலேதான் கிடந்தது.

கையெழுத்திட்டு அனுப்பினேன். கரும்பலகையை அவரே அழித்தார்.